நல்ல முடிவுக்குப் பயந்தவர்

“புதன். வாடைக் காற்று இன்னும் விடவில்லை. மிஸ் விடியற்காலையிலிருந்து படலைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருக்கிறார். தேநீர் ஆறிப்போய்விட்டது. நல்ல முடிவு ஏதோ வந்திருக்க வேண்டும்.”

2012ஆம் ஆண்டு மாசிக் கடைசியில், விபூதிப் புதனுக்கு அடுத்த வாரம், என் நாட்குறிப்பில் எழுதியிருப்பது இது. அது புதன் அல்ல, செவ்வாய் என்று என் மனைவி இன்றும் வாதாடுவாள். செவ்வாய் என்றால் அவள் அந்தோனியார் கோயிலுக்குப் போயிருப்பாள். வீட்டில் நின்று தேநீர் ஆறியதைப் பார்த்திருக்க முடியாது. ஆகவே புதன்தான்.

சோதனையில் நல்ல முடிவு வந்தால் ஒருவர் ஏன் கிணற்றைச் சுற்றி நடக்க வேண்டும் என்று படிப்பவர் கேட்கலாம். அந்த மனுசியைப் பற்றிச் சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டிலும் ஒழுங்கையிலும், அந்தச் சிறு தெரு முழுக்க, அவர் ‘மிஸ்’தான்.

எங்கள் முன்னறைக்கு அவர் வாடகைக்கு வந்தது அதற்கு முந்திய ஆண்டு ஆனியில். நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி, மன்னார் உப்புக்குளத்து வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு, யன்னலுக்குக் கதவு போட வழி பார்த்துக்கொண்டிருந்த காலம். கதவில்லாத யன்னலோடு ஓர் அறையை யார் எடுப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினார். அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்வளவுக்குப் போய், “இஞ்ச நிழல் எத்தினை மணி வரைக்கும் நிக்கும், ஐயா?” என்று கேட்டார்.

இலை காயவைக்க நிழல் வேண்டுமாம். வெயிலில் காய்ந்தால் உள்ள சத்து போய்விடுமாம்.

வயது முப்பத்தைந்து இருக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மன்னார்ப் பக்கத்தில் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, ஆட்கள் கைமருந்தாகச் சாப்பிடுகிற இலை, பூ, பட்டை, கொட்டை எல்லாவற்றையும் கேட்டுத் திரிந்து சேர்ப்பார். காயவைத்து இடித்து, இரண்டு கிழமைக்கு ஒருதரம் பஸ்ஸில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவார். அங்கே இரண்டு சோதனைகள் நடக்கும். மாச்சத்து சீனியாக உடைவதை அந்தச் சாறு எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது ஒன்று. மற்றதை எனக்கு விளங்கும்படி இப்படிச் சொன்னார்: ஊதா நிறத்தில் ஒரு கரைசல் இருக்கிறது. இரும்பு துருப்பிடிப்பதுபோல உடம்பு பழுதாகாமல் காக்கிற சத்து எந்தச் சாற்றில் இருக்கிறதோ, அந்தச் சாறு பட்டதும் ஊதா வெளுக்கும். கூடுதலாக வெளுத்தால் சத்தும் கூடுதல்.

நான் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். நாளும் முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே காலம் போய்விட்டது. அதனால் ஒருவரின் போக்குவரத்தைக் குறித்துக்கொள்வது எனக்குப் பழக்கம். மிஸ் வந்த சில மாதங்களிலேயே ஒன்றைக் கவனித்தேன். ஆய்வுகூடத்திலிருந்து முகம் மலர்ந்து வந்து, பேக்கரியில் வாங்கிவந்த பாணை என் மனைவியிடம் கொடுத்து, மூன்று துண்டு சம்பலோடு சாப்பிட்டுப் படுத்துவிட்டார் என்றால், சோதனை பிழைத்துவிட்டது என்று அர்த்தம். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்வளவில் நடந்தார் என்றால், ஏதோ ஓர் இலை நன்றாக வேலை செய்திருக்கிறது.

“பிழைச்சால் ஒருக்காச் செய்தால் போதும், ஐயா,” என்பார். “சரி வந்தால்தான் மினக்கேடு. ஏன் சரி வந்ததெண்டு தேடவேணும்.”

“உந்தப் பிள்ளையிட்டச் சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கெண்டு ஆரும் சொன்னால், கலியாணத்தையே குழப்பிப்போடும்,” என்றாள் என் மனைவி.

“அதுதானே அன்ரி நடந்தது,” என்றார் மிஸ். அது பகிடியா உண்மையா என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

அவர் ஓரிடத்தில் இருந்து நான் கண்டது குறைவு. விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுத்தால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாயில் பரப்பிய இலைகளை நிழலுக்கு நிழல் இழுத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் ஒழுங்கையால் வந்த கழுதை ஒன்று படலை திறந்திருப்பதைக் கண்டு உள்ளே வந்து, கொண்டச்சிக் கிராமத்திலிருந்து கொண்டுவந்த ஆவாரம்பூவில் பாதியைத் தின்றுவிட்டது. மிச்சப் பாதி பாயில் சுத்தமாகத்தான் கிடந்தது. நான் கூட்டிக் கட்டிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

“கழுதை எச்சில் பட்டிருக்கும், ஐயா.”

“அது ஒரு ஓரத்திலதானே திண்டது?”

“எந்த ஓரமெண்டு கழுதையிட்டக் கேக்கேலாது.”

அடுத்தநாள் திரும்பவும் கொண்டச்சிக்குப் போனார். அங்கே மீள்குடியேறி வந்திருந்த ஒரு முஸ்லிம் விவசாயியின் காணியில்தான் அந்தப் பூ எடுத்தது. பாதையோரத்தில் வேண்டியமட்டும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. வாகனப் புழுதி படிந்ததை எடுக்க மாட்டார். காணிக்காரர் என்னிடம் பிறகு சொன்னார்: “பூப் பறிக்க வந்த பிள்ளையெண்டு நினைச்சன். மண்ணையும் ஒரு பையில அள்ளிக்கொண்டு போகுது. நான் பயந்துபோனன், காணிக்கு ஆரோ உரிமை கேக்கப்போகினமோ எண்டு.”

சிறுகுறிஞ்சா விசயமும் அந்தக் காணியில்தான் தொடங்கியது. அதே விவசாயி வேலியில் படர்ந்த கொடியிலிருந்து கொஞ்ச இலை கொடுத்துவிட்டிருந்தார். எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது. அந்த நாட்களில் காலையும் மாலையும் ஆசுபத்திரியில் தந்த மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை. “ஐயா, இதைச் சப்பிப்போட்டு, ஒரு கரண்டி சீனி வாயில போடுங்கோ,” என்றார் மிஸ். சப்பினேன். கசப்பு. பிறகு சீனியைப் போட்டால், கடற்கரை மணலைப் போட்டதுபோல இருந்தது. ஒரு துளி இனிப்பு இல்லை. எனக்குப் பெரிய சந்தோசம். அரை நூற்றாண்டாக நான் அடக்கமுடியாத ஆசையை ஓர் இலை அடக்கிவிட்டது. இனிக் குளிசை தேவையில்லை என்றேன்.

“ஏமாந்தது உங்கட நாக்கு,” என்றார். “இரத்தத்துக்கு நாக்கு இல்லை, ஐயா. நீங்கள் விழுங்கின சீனி இப்ப உள்ளுக்குத்தான் நிக்குது.”

சிறுகுறிஞ்சாவுக்கு வேறு குணமும் இருக்கலாம், அதைத்தான் தேடுகிறேன் என்றும் சொன்னார். ஆனால் நாக்கில் நடந்ததை இரத்தத்தில் நடந்ததாக எழுதக்கூடாதாம். அன்று அதை நான் ஒரு பகிடியாகத்தான் குறித்து வைத்தேன்.

இவ்வளவு நம்பாத மனம் எங்கிருந்து வந்தது என்று ஒருதரம் கேட்டுவிட்டேன். அவர் வன்னியில் பிறந்தவர். போரின் கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார். அதற்கு மேல் சொன்னதில்லை. அன்றைக்கு இடித்த தூளை அரிதட்டில் சலித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் சொன்னார்:

“அங்க போனால் பயமில்லை, இஞ்ச போனால் பயமில்லையெண்டு நல்ல செய்தி சொல்லிச் சொல்லித்தான் எங்களை நடக்க வைச்சவை, ஐயா. கெட்ட செய்தி சொன்ன ஆக்களாலதான் நான் மிஞ்சினது.”



இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

என் மனைவியின் தமையனார் ஓலைத்தொடுவாயில் சம்மாட்டி. வலையும் படகும் வைத்துத் தொழில் செய்கிறவர். நாங்கள் முகாமில் இருந்த காலத்தில் அவரும் இருந்தார். எங்களுக்கு ஒரு வருடம் முன்பாகவே திரும்பி, மீள்குடியேற்ற உதவியில் கிடைத்த ஒரு படகோடு தொழிலை மறுபடி தொடங்கியிருந்தார். எனக்கு மச்சான் முறை. அவருக்கும் சீனி வருத்தம், என்னிலும் கூடுதலாக. இடது காலில் சுண்டுவிரலடியில் சிப்பி வெட்டிய புண் ஒன்று மார்கழியிலிருந்து ஆறாமல் இருந்தது. ஆசுபத்திரிக்கு வரமாட்டேன் என்று நின்றார். அவருடைய தகப்பனார் இதே மாதிரிப் புண்ணோடு ஆசுபத்திரிக்குப் போய், ஒரு காலோடு திரும்பி வந்து, அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே இறந்துபோனவர். “காலில்லாத சம்மாட்டி கரையில இருந்து காகம் கலைக்கவேண்டியதுதான்,” என்பார் மச்சான்.

தைப் பொங்கல் கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மிஸ் நெல்லிக்காய்களைப் பிளந்துகொண்டிருந்தார். மடுப் பக்கமிருந்து வந்த காட்டு நெல்லி.

“பிள்ளை, இவ்வளவு நாளும் பார்த்ததில எது முதலாவது?” என்று கேட்டார் மச்சான்.

“ஊதாவை வெளுக்கப் பண்ணுறதில நெல்லிதான் முதலாவது, அண்ணன். ஆனா...”

படலையில் அவரைக் கூட்டிப்போக வந்த ஆட்டோ ஹோர்ன் அடித்தது. ஆனாவுக்குப் பின்னால் வந்ததைக் கேட்க மச்சான் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் காலையும் மாலையும் ஒரு பெரிய கிளாஸ் பச்சை நெல்லிச் சாறு குடித்திருக்கிறார். பக்கத்து வளவுக்காரரும் குடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சந்தையில் நெல்லி மூட்டையாக வந்து இறங்கியது. மாசியில் கோயில் மண்டபத்துக்கு நடமாடும் கிளினிக் வந்தது. அங்கே சலத்தில், அதாவது சிறுநீரில், சீனி இருக்கிறதா என்று ஒரு ஸ்ட்ரிப்பைத் தோய்த்துப் பார்ப்பார்கள். அதன் நுனியிலுள்ள நீலம் சீனி இருந்தால் பச்சையாகி, அதிகம் இருந்தால் மண்ணிறக் கபிலமாகும். முந்திய தடவைகளில் மச்சானுடையது கடும் கபிலம். இந்தத் தடவை நீலம் அப்படியே நின்றது.

மச்சான் குளிசையை நிறுத்திவிட்டார். அடுத்தநாள் விடிய, வாழையிலையில் சுற்றிய பெரிய விளைமீனோடு எங்கள் படலையில் நின்றார்.

“மிஸ்ஸுக்குத்தான்,” என்றார் என் மனைவியிடம். “சுத்தமாப் போட்டுது. ஒரு சொட்டுச் சீனி இல்லை. நெல்லிதான் முதலாவதெண்டு சொன்னது அந்தப் பிள்ளைதானே.”

நான் எழும்ப முன்னமே மீனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மிஸ் நடக்கத் தொடங்கினார். அந்த நடையைத்தான் நான் மேலே குறித்திருப்பது. மத்தியானம் மீன் குழம்பு வைத்தோம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு, “நான் ‘ஆனா’ எண்டனான். நீங்களும் கேட்டனீங்கள்தானே, ஐயா?” என்றார். கேட்டேன் என்றேன். “சோதனைக் குழாயில நடந்தது. ஆள் குடிச்சு நடந்ததில்லை. அதைத்தான் சொல்ல வந்தனான்.” கையைக் கழுவிவிட்டு எழும்பினார். “புண் ஆறியிருக்கோ எண்டு ஆரும் பாத்ததோ?”

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஸ்ட்ரிப்பைப் பார்த்திருக்கிறோம்.

மறுநாள் நானும் அவரும் ஓலைத்தொடுவாய்க்குப் போனோம். மச்சான் முற்றத்தில் கதிரை போட்டு, காலை ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பேசின் நிறைய ஊதாத் தண்ணீர். புண் கழுவக் கொண்டிஸ், பொட்டாசியம் பெர்மாங்கனேட், கரைத்தது. புண்ணின் மணம் வாசலிலேயே தெரிந்தது. அவருடைய மனைவி, எனக்கு மச்சாள், நெல்லிச் சாற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“வாங்கோ டொக்டர் அம்மா,” என்றார் மச்சான். “உங்கட மருந்துதான்.”

“என்ர மருந்தில்லை, அண்ணன். புண் எப்பிடி?”

“புண் தன்பாட்டில ஆறும். உள்ளுக்குச் சுத்தமெண்டால் வெளியில என்ன?”

முக்கால் கிளாஸைக் குடித்தார். அடியில் சக்கை தேங்கிக் கிடந்ததால், கிளாஸை ஒரு சுழற்றுச் சுழற்றி, மிச்சத்தைப் பேசினுக்குள் ஊற்றினார். கால் வைத்திருந்த தண்ணீர், சாறு விழுந்த இடத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் ஊதா முழுதும் போய், அரிசி கழுவின தண்ணீர் போலக் கிடந்தது. அவருடைய பாதமும் அந்தக் கறுத்த விரலும் தெளிவாகத் தெரிந்தன.

மச்சானுக்கு அது புதிதில்லை. “ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். அழுக்கெல்லாத்தையும் நெல்லி திண்டுபோடும்.”

மிஸ் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அசையாமல் நின்றதை நான் பார்த்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று.

“அண்ணன், அது தின்னுறது அழுக்கையில்லை,” என்றார். “நிறத்தை.”

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். மணலில் அவர் வேகத்துக்கு என்னால் நடக்க முடியவில்லை. போகப்போகச் சொன்னார்: “ஆய்வுகூடத்து ஊதாவை வெளுத்தது. கொண்டிஸ் ஊதாவை வெளுத்தது. ஸ்ட்ரிப் சீனியைக் காட்டுறதும் ஒரு நிறத்தாலதான். அந்த நிறம் வரமுந்தியே நெல்லிச் சத்து அதைப் பிடிச்சு விழுங்கினால்? இவர் குடிக்கிற அளவுக்கு அது சலத்திலயும் போகும். சீனி அங்கதான் நிக்கும், ஐயா. காட்டாது.”

“அப்ப அவருக்குச் சுகமில்லையோ?”

“குளிசையுமில்லாமல் இருக்கிறார். விரலைப் பாத்தனீங்களே.”

கிளினிக் அப்போது பக்கத்து ஊரில் நின்றது. அங்கே போய்த் தாதியிடம் சில ஸ்ட்ரிப் கேட்டார். மச்சானுக்குப் பாவித்த அதே போத்தலிலிருந்து வேண்டும் என்றார். அது முடிந்து, வெறும் போத்தலை எறிந்தாயிற்று. புதுப் போத்தலை உடைத்துக் கொடுத்தார்கள். “பழைய போத்தல் மூடி இறுகிப் பூட்டுறதோ?” என்று மிஸ் கேட்டார். தாதி கொஞ்சம் யோசித்து, “சனம் கூடின நேரத்தில ஆர் பாத்தது, மிஸ்?” என்றார். கடற்காற்றில் திறந்து கிடந்தாலும் ஸ்ட்ரிப் பழுதாகி, நீலமாகவே நிற்குமாம். அந்தப் பதிலைக் கேட்டு மிஸ்ஸின் முகம் மாறியதை நான் கண்டேன்.

பின்னேரம் திரும்ப மச்சான் வீட்டுக்குப் போனோம். சலத்தைப் பார்க்கக் கேட்டதற்கு, கிளினிக்கில் கொடுத்தது போதும் என்றுவிட்டார் மச்சான். வழியில் ஒரு கடையில் குளுக்கோஸ் பக்கற்று வாங்கினார். மச்சாளிடம் மூன்று கிளாஸ் கேட்டார். மூன்றிலும் தண்ணீர், மூன்றிலும் ஒரே அளவு குளுக்கோஸ். ஒன்றை அப்படியே விட்டார். ஒன்றில் நெல்லிச் சாறு விட்டார். மற்றதில் புளி கரைத்து விட்டார்.

“புளி என்னத்துக்கு?” என்று கேட்டார் மச்சாள்.

“நெல்லி புளிக்கும், அக்கா. புளிப்பாலதான் நிறம் வரேல்லையெண்டு நாளைக்கு ஆரும் சொல்லலாம்.”

“ஆர் சொல்லப்போறது?”

“நான்தான்.”

தோய்த்தார். வெறும் குளுக்கோஸ் தண்ணீரில் நீலம் பச்சையாகிக் கபிலமானது. புளித் தண்ணீரிலும் கபிலம். நெல்லி விட்ட கிளாஸில் நீலம், கிளினிக்கில் நின்றதைப்போலவே, அசையாமல் நின்றது.

மச்சான் மூன்று கிளாஸையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு, “பொறுங்கோ,” என்று மச்சாளிடம் சீனிப் பேணியை வாங்கி, இன்னொரு கிளாஸ் தண்ணீரில் கைநிறையச் சீனி போட்டுக் கலக்கி, தானே ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்துத் தோய்த்தார். நீலம் மாறவில்லை.

“பாத்தியே மச்சான்,” என்றார் என்னிடம், வெற்றியோடு. “சீனித் தண்ணியிலயே சீனி இல்லையாம். ஒரு இழவும் தெரியாத ஸ்ட்ரிப்பு. இதை வைச்சுக்கொண்டோ இந்தப் பிள்ளை என்னை வெருட்டுது?”

“அது இரத்தத்தில ஓடுற சீனியை, குளுக்கோஸை, மட்டுந்தான் அறியும், அண்ணன். கடைச் சீனியை அறியாது,” என்றார் மிஸ். “ஆனா நீங்கள் சொல்லுறது சரி. ஒரு இழவும் தெரியாத ஸ்ட்ரிப்புத்தான். அதின்ர கதையைக் கேட்டு நீங்கள் ஏன் குளிசையை நிப்பாட்டினீங்கள்?”

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மச்சானுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கெட்டிக்காரர். கடலில் வலை போட்டவர். கோபத்தை விழுங்கிக்கொண்டு சொன்ன பேச்சு இது:

“சரி. ஒரு பந்தயம். குளிசை வேண்டாம், முதல் கிழமை நெல்லியோட, மற்றக் கிழமை நெல்லியும் இல்லாமல். ரெண்டு கிழமையும் வந்து சலத்தைப் பாருங்கோ. நெல்லி இல்லாத கிழமை மட்டும் நிறம் மாறினால் நெல்லிதான் கள்ளன். ரெண்டிலயும் மாறாட்டில் நான் சுகம். அப்ப உங்களுக்கும் நிச்சயம், எனக்கும் நிச்சயம். என்ன?”

ஆராய்ச்சிக்காரர் ஒருவர் ஒழுங்குபடுத்த விரும்புகிற சோதனை அதுதான். கிளாஸில் நடந்தது மனுச உடம்பிலும் நடக்கிறதா என்பதை அதுதான் காட்டியிருக்கும். பழைய போத்தலா, நெல்லியா என்பதும் தெரிந்திருக்கும். மிஸ் அதை அறிந்தார். கதிரையின் முதுகைப் பிடித்திருந்த கைவிரல்கள் திறந்து திறந்து மூடின. அவர் ‘ஓம்’ என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். ஒரு கழுதை தின்றதற்காக நாற்பது மைல் திரும்பவும் போய்வந்த மனுசி அல்லவா.

“வேண்டாம், அண்ணன்,” என்றார். “இப்பவே குளிசையைப் போடுங்கோ. நாளைக்கு விடிய ஆசுபத்திரி.”

“அப்ப உங்களுக்கு நிச்சயமில்லை.”

“இல்லைத்தான்.”

“நிச்சயமில்லாத கதைக்கு நான் ஏன் கத்திக்குப் போறது?”

“நிச்சயமாகிற நேரம் கால் இருக்காது.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மச்சாள்தான் முடிவு செய்தவர். உள்ளே போய் மாதாவின் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த குளிசைப் பக்கற்றைக் கொண்டுவந்து அவருடைய மடியில் போட்டார். பிறகு முற்றத்தில் கிடந்த நெல்லி மூட்டையின் வாயை அவிழ்த்து, ஆட்டுக்குக் கொட்டினார். ஆடு முகர்ந்துவிட்டு விலகிப் போனது.

“ஆட்டுக்கே வேண்டாமாம்,” என்றார் மச்சாள். “விழுங்குங்கோ.”

நெல்லியில் குற்றமில்லை என்று மிஸ் அப்போதும் சொல்லிப் பார்த்தார். நல்ல காய்தான், குளிசைக்குப் பதிலாக நினைத்ததுதான் பிழை என்று. யாரும் கேட்கவில்லை. கிளாஸ் கதை அடுத்த கிழமைக்குள் கரை முழுதும் பரவி, சந்தையில் நெல்லி வாங்க ஆளில்லாமல் அழுகியது. அதுவும் அவருக்கு நிம்மதி தரவில்லை. “முந்தி நெல்லியைக் கும்பிட்டவை, இப்ப நெல்லியைத் திட்டுகினம். ரெண்டும் ஒரே மாதிரித்தான், ஐயா. ஒண்டையும் பாக்கேல்லை.”

பட்டணத்து ஆசுபத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீனி மிகக் கூடுதல். சுண்டுவிரலை எடுத்தார்கள், பாதம் தப்பியது. இன்னும் இரண்டு கிழமை போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே பேச வேண்டி வந்திருக்கும் என்று வைத்தியர் மச்சாளிடம் சொன்னாராம். மச்சான் பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்கு நடந்து வந்தார். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கடலுக்குப் போனார். மிஸ்ஸை எங்கு கண்டாலும் ஒரே கேள்விதான்: “என்ர விரல் எந்தக் கணக்கில, மிஸ்? நெல்லிக் கணக்கிலயோ, உங்கட கணக்கிலயோ?” அவர் மற்றவர்களைப்போலச் சிரித்துவிட்டுப் போகமாட்டார். நின்று யோசிப்பார். “தெரியாது, அண்ணன்,” என்பார். மச்சானுக்கே அது ஒருமாதிரிப் போய்விடும்.

என் மனைவி அவரைத் தேற்றப் பார்த்தாள். “நீர் செய்ததாலதான் அண்ணன்ர கால் நிக்குது, பிள்ளை.”

“கால் நிக்குது, அன்ரி. அது நல்ல முடிவு,” என்றார் மிஸ். அன்றைக்கும் பின்வளவில் நடந்தார்.

அந்த வருடம் ஐப்பசியில் மழைக்கு முன் அறையை விட்டுப் போனார். யன்னலுக்கு அதற்குள் கதவு போட்டிருந்தோம். அவர் அதைப் பூட்டியதில்லை. புறப்படும்போது, நான் இப்படியெல்லாம் குறித்து வைப்பது தெரிந்து, படலையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “எழுதுறதெண்டால் நெல்லிதான் செய்ததெண்டு எழுதிப்போடாதேங்கோ, ஐயா. எனக்கு அது நிச்சயமில்லை.” பிறகு இரண்டு தடவை தொலைபேசி எடுத்தார். எங்கள் சுகத்தை விசாரித்தார். மச்சானின் காலை விசாரித்தார். அந்தக் கிளினிக் தாதி எங்கே மாற்றலாகிப் போனார் என்று தெரியுமா என்றும் கேட்டார். தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. இலக்கமும் மாறிவிட்டது.

ஆகவே இதை அவர் சொன்னபடியே முடிக்கிறேன். நெல்லிச் சாறு ஒரு கிளாஸுக்குள் அந்த நிறத்தை மறித்தது. அதை நான் கண்ணால் கண்டேன். மாசியில் கோயில் மண்டபத்தில் மச்சானின் ஸ்ட்ரிப்பை நீலமாகவே நிறுத்தியது அதே நெல்லியா, மூடி இறுகாத போத்தலில் கடற்காற்றுப் பட்ட ஸ்ட்ரிப்பா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.